வேன் ஏறும் முன் ஒரு படம்

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அந்த அக்கா முதலில் ஆட்களை எண்ணுவார். விரல் மடக்கியோ உதட்டை அசைத்தோ இல்லை. வாசலில் நின்று பார்வையை ஒரு சுற்று சுற்றவிடுவார், அவ்வளவுதான். திருத்தங்கலில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு முதன்முதலாக வந்த அன்றும் அப்படித்தான் நின்றார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கையில் வயர்கூடை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. நகக்கண்களில் வெள்ளி நிற மருந்துத் தூள் ஏறிப்போயிருந்தது.

"உள்ள ஏளு பேரு இருக்கீக. வெளிய போக வாசல் ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களை அடிக்கிற அச்சகம் அது. அந்த லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது என் வேலை. பின்பக்கக் கதவைக் காகிதக் கட்டுகள் அடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அக்கா அந்தக் கட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணனுக்கு அவர் ஆமத்தூரில் பக்கத்துத் தெருவாம். அந்த அண்ணன்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

"தாயி, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவுக. ஒரு சின்னக் கேமரா வாங்கணும். வெல கொறைச்சலா, எது வாங்கலாம்னு சொல்லுங்க."

ஃபிலிம் கேமரா பழசாகிக்கொண்டிருந்த நேரம் அது. கேமரா வைத்த செல்போன் எங்கள் முதலாளியிடம் மட்டும் இருந்தது. அதில் எடுத்த படத்தில் மாமாவுக்கும் மாமரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஏதோ காதுகுத்து, சடங்கு என்று நினைத்துக்கொண்டு, "என்னைக்கி விசேஷம்க்கா? சொல்லுங்க, வாடகைக்கே வாங்கித் தந்துருவோம்" என்றேன்.

"விசேஷம் ஒண்ணும் இல்ல. தெனமும் எடுக்கணும்."

"தெனமுமா? என்னத்த?"

"ஆளுகள."

அவர் ஏற்கனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "படத்துல தேதி தானா விளணும். பத்துப் பதினஞ்சு பேரு நின்னா அம்புட்டு மூஞ்சியும் தெரியணும். எங்க ஊருல கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அதனால கரண்டு இல்லாட்டியும் ஓடணும். பெறகு, பளிச்சுன்னு ஒரு வெளிச்சம் அடிக்குமே, அது வேணவே வேணாம்."

"வெளிச்சத்த அணைச்சு வச்சுக்கலாம்க்கா."

"அணைச்சு வச்சது தானா பத்திக்கிராதுல்ல?"

அதற்கும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக விருதுநகருக்கு பஸ் ஏறினோம். வழியில் ஒரு நிறுத்தத்தில் பஸ் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டுக் கிளம்பியது. அக்கா சட்டென்று எழுந்து, "நிப்பாட்டுங்க. ரெண்டு பேரு கொறையுது" என்றார். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "எல்லாம் ஏறியாச்சும்மா" என்றார். அதற்குள் பின்னால் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு ஆணும் பெண்ணும் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். "ஒங்களுக்கு என் வேலையக் குடுத்துரலாம் போலயே" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அக்கா முகத்தில் மட்டும் வெளிறல் போக வெகுநேரம் ஆனது. யாரையோ இழக்க இருந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பேரையும் அவருக்கு முன்பின் தெரியாது.

கடைக்காரர் முதலில் மெலிசான, பளபளவென்ற ஒரு கேமராவை எடுத்து வைத்தார்.

"ஏழு மெகாபிக்சல். சட்டப்பையில போட்டுக்கலாம். காலேஜ் பிள்ளைக எல்லாம் இதத்தான் வாங்குறாக."

"பேட்டரி தீந்துபோனா?"

"வீட்ல சார்ஜ் போட்டுக்கணும்க்கா."

அக்கா அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது கேமராவின் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு வாய்க்குள் எண்ணினார். லென்ஸ் வெளியே வருவதற்குள் ஆறு எண்ணிவிட்டார். "இது ஆகாது. அதுக்குள்ள வேன் போயிரும்" என்று ஒதுக்கினார். மூன்றாவதாக வந்தது கொஞ்சம் தடிமனான சாம்பல் நிறக் கேமரா. ஐந்து மெகாபிக்சல்தான். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். அமுக்கியதும் விழித்துக்கொண்டது. அதை வாங்கிக்கொண்டு கடைப்படியில் போய் நின்றார். எதிரே மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களை ஒரு படம் எடுத்தார். பின்னால் இருந்த சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பெரிசாக்கி ஒவ்வொரு முகமாக நகர்த்திப் பார்த்தார்.

"ஒம்போது பேரு. ஒருத்தரு மட்டும் தும்முறாரு, மூஞ்சி தெரியல. மத்ததெல்லாம் சுத்தமாத் தெரியுது."

கடைக்காரருக்கு அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கேமராவில் அன்றைய தேதியை வைத்துக் கொடுத்துவிட்டு, "தப்பா இருந்தா இங்கன அமுக்கி மாத்திக்கலாம்க்கா. ரொம்ப ஈசி" என்றார்.

"மாத்தலாமா? யாரு வேணும்னாலும் மாத்தலாமா?"

"ஆமா. என்ன தேதி வேணும்னாலும் வச்சுக்கலாம்."

அக்கா கேமராவைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதிலும் தேதி இருக்கும் என்று நான் சொன்னேன். அதை மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார். வாங்காமலே திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். பக்கத்து டீக்கடையில் தினசரிப் பத்திரிகைகளின் போஸ்டர்கள் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே வந்து, "இதையே குடுங்க" என்றார். ஐயாயிரத்துச் சொச்சம். போன தீபாவளி போனஸை அப்படியே முடிந்து வைத்திருந்தார்.

ஏன் மனம் மாறினார் என்பதைத் திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார். "ஊருக்கு ரோடு பிரியிற ஆமத்தூர் விலக்குல எங்க வேன் நிக்கிற எடத்துலயும் டீக்கடை இருக்கு. காலையில பேப்பர் போஸ்டர் தொங்கவிடுவாக. ஆளுகளுக்குப் பின்னால அது தெரியிற மாதிரி எடுத்துட்டா? கேமராவுல தேதிய மாத்துவான். போஸ்டர எப்படி மாத்துவான்?"

"யாருக்கா மாத்துவா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பதினெட்டு வயது. பல வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது, அவளுக்குப் பதிலாக அவள் பெயரில் வேலைக்குப் போனாள். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. பதிவேட்டில் இருந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர். அந்தப் பெண் உயிரோடு வீட்டில் படுத்திருந்தாள். ஆகவே கணக்கில் யாரும் குறையவில்லை. தங்கச்சி அன்று வேலைக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எங்கே போனாள் என்ற கேள்வி வந்தது. ஒரு லாரி டிரைவரோடு பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நாலு நாளில் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது.

"நாந்தான் அன்னைக்கி அவளுக்குச் சட பின்னிவிட்டேன். வேன்ல ஏறுனத இந்தக் கண்ணால பாத்தேன். நான் பாத்தது சாட்சியில்லையாம், தாயி. எங்கம்மா, அவ எங்கயோ புருசன் பிள்ளையோட நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு, சாகுற வரைக்கும் அவளத் திட்டிக்கிட்டே செத்துச்சு."

அதன் பிறகு அந்தக் கேமராவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினமும் காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் டீக்கடைப் பக்கம் நிறுத்தி ஒரு படம். பிறகு கேமராவைத் துண்டில் சுற்றி டீக்கடை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். கம்பெனிக்குள் அதையெல்லாம் கொண்டுபோக முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து மெமரி கார்டைக் கொடுப்பார். வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு அச்சகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "குரூப் போட்டோவா? நல்லாருக்கே" என்று போய்விட்டார். அந்தக் கம்பெனிக்கும் நாங்கள்தான் லேபிள் அடித்தோம்.

முதல் மாதத்துப் படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பெண்கள் பூ வைத்திருக்கிறார்கள். ஒருத்தி மஞ்சள் பூசி வந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனால் அதே இடத்தில் அதே ஆட்கள். பின்னால் போஸ்டரில் செய்தி மட்டும் மாறும். ஒரு பெண்ணின் வயிறு வாரத்துக்கு வாரம் பெரிசாவது தெரியும். ஒருவருக்குக் கையில் புதிதாகக் கட்டுப் போட்டிருக்கும். ஒரு நாள் யாராவது இல்லாவிட்டால் எனக்கே பகீரென்றது.

"இந்தச் செவப்புச் சட்ட அண்ணன் எங்கக்கா?"

"மக வீட்டுக்குப் போயிருக்காரு. நான் வெசாரிச்சிட்டேன்."

இரண்டாவது மாதம் அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா செத்துப்போனார். கம்பெனியில் இல்லை, வீட்டில், மஞ்சள் காமாலையில். ஆனால் அதற்குப் பிறகு வந்த படங்களில் முகங்கள் மாறிவிட்டன. சில பேர் திரும்பி நின்றார்கள். சில பேர் முந்தானையால் மூடிக்கொண்டார்கள். தினமும் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். "சாவுக்குத்தான் இப்படித் தெனமும் ஆளெண்ணுவாக" என்று இன்னொருத்தி. ஒருத்தி அவர் காலடியில் எச்சில் துப்பியிருக்கிறாள். அக்கா அதையெல்லாம் என்னிடம் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். "மூடிக்கிட்டாலும் எடுப்பேன். சேலைய வச்சாவது தெரிஞ்சிக்கிரலாம்ல."

தீபாவளி நெருங்க நெருங்கப் படத்தில் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. ஆனி மாதப் படங்களில் பதினொரு பேர். ஆவணி முடியும்போது பதினாறு, பதினேழு. எங்கெங்கிருந்தோ புது ஆட்களை ஏஜெண்ட் கொண்டுவந்தான். ஏஜெண்ட் என்பது வேனில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவன். "நாலு பேரு உக்கார்ற ரூமுக்குள்ள எட்டுப் பேர உக்கார வைக்கான். ஆர்டர் அம்புட்டு இருக்காம்" என்றார் அக்கா. அந்த ஏஜெண்ட் அவரிடம் முதலில் நயமாகத்தான் பேசினானாம். "மதினி, இந்தப் படமெல்லாம் எதுக்கு? கம்பெனிக்கு ஒண்ணுன்னா இம்புட்டு குடும்பத்துக்கும் சோறு யாரு போடுவா?" அடுத்த வாரம் நயம் போய்விட்டது. "கேமராவா வேலையா, ரெண்டுல ஒண்ணப் பாத்துக்க."

"வேலைய விட்டுருங்களேன்க்கா" என்றேன்.

"விட்டுட்டா யாரு எடுப்பா?" என்று கேட்டார்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். முதலில் தரை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. மெஷின்களை யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். கட்டிங் மெஷின் அண்ணன் மொட்டை மாடிக்கு ஓடினார். இறங்கி வந்து, "எங்கூர்ப் பக்கம்" என்றார். அப்படியே செருப்பில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மணி வாக்கில் அக்கா வாசலில் வந்து நின்றார். செத்துப்போயிருப்பார் என்று நான் அழுது முடித்திருந்தேன். அன்றைக்கு மட்டும் அவர் எங்களை எண்ணவில்லை. ரவிக்கைக்குள் இருந்து சின்னப் பர்ஸை எடுத்து, அதிலிருந்து மெமரி கார்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"நீங்க போகலையாக்கா?"

"ஏஜெண்ட் ஏத்த மாட்டேன்னுட்டான். நான் படம் எடுக்கிறதப் பாத்துட்டு, வேன்ல ஏறுனதும் எறங்கு கீளன்னு கையப் பிடிச்சு இளுத்துவிட்டான். படத்த அதுக்கு முந்தியே எடுத்துட்டேன். போடுங்க தாயி. பதினேளு பேரு."

படம் திரையில் வந்தது. வழக்கமான இடம், வழக்கமான டீக்கடை, பின்னால் அன்றைய போஸ்டர். பதினேழு பேர். சிலர் கேமராவைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் கொட்டாவி விடுகிறாள். பெரிய தாளில் கலரில் இரண்டு பிரதி எடுத்தேன். அவர் அவற்றை வாங்கிக்கொண்டு, "ஆசுபத்திரி வரைக்கும் கூட வாரீகளா?" என்று கேட்டார்.

கிளம்பும்போது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா அதற்குள் தெருவுக்குப் போய்விட்டார். "பாவம் தாயி, யாரு பெத்த பிள்ளைகளோ. நம்மளால ஆனத நாமளும் செய்யணும்ல. அந்தப் படத்த எனக்கும் ஒரு சீடியில போட்டு வச்சிட்டுப் போ" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. அது பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெரிந்தது. கம்பெனி ஆள் ஒருவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அந்த வேனில் வந்தது பதிமூன்று பேர். பதினொரு பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அக்கா உள்ளே போய் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு வந்தார். என் பேனாவை வாங்கி, இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு புள்ளி வைத்தார். "இவ இருக்கா. கையி ரெண்டும் வெந்துபோச்சு, ஆனா பேசுதா. இவரு இருக்காரு. இவ இருக்கா." பதினொரு புள்ளி. இறந்துபோன இருவருக்குப் பக்கத்தில் சிறிய கோடு. மீதி நான்கு முகங்கள் சும்மா இருந்தன.

அவர் தாள் வைத்திருந்தவரிடம் போனார். "பதினேளு பேரு ஏறுனாக."

"நீங்க யாரும்மா?"

"படம் எடுத்தவ."

அதற்குள் யாரோ படத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா பின்வரிசையில் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்து, "இது எம் மக. காலையில வரலைன்னு சொன்னீகளேயா, இந்தா நிக்கிறாளே" என்று அலறினார். மூன்று குடும்பங்கள் அப்படிக் கிடைத்தன. அதற்கு மேல் யாராலும் அங்கே எதையும் வாசிக்க முடியவில்லை. மறுநாள் மூன்று பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான்காவது முகத்தைத் தேடி யாரும் வரவில்லை. பச்சைச் சேலை கட்டிய பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட்டத்தின் ஓரத்தில், பாதி முகம் டீக்கடைப் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு முந்தின நாள் படத்திலும் இருந்தாள். அவ்வளவுதான், இரண்டே நாள். அவள் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஏஜெண்ட் ஊரிலேயே இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினார். "படத்துல ஆள் இருக்கிறது தெரியுதும்மா. ஆனா பேரு, ஊரு வேணும். சொந்தக்காரங்க ஒருத்தராவது வந்து சொல்லணும். இல்லாம நான் என்னன்னு எழுதுறது?"

ஆமத்தூரில் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் போனார்கள், இவள் மட்டும் எப்படி இறங்கினாள் என்ற பேச்சு. இவளுக்கு முன்னாடியே தெரியும் என்ற பேச்சு. படத்தால் பெயர் சேர்ந்த குடும்பங்களில் ஒன்றுகூட அப்படிப் பேசியது. தண்ணீர்க் குழாயில் அவர் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். அக்கா தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடை அம்மாவுக்கு ஒன்று நினைவிருந்தது. அந்தப் பெண் விருதுநகர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரு டீ வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போவாள். அது போதும் அக்காவுக்கு. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது நாள் நின்றார். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி டிரைவர், கண்டக்டர் எல்லோரிடமும் படத்தை நீட்டினார். ஒன்பதாவது நாள் ஒரு கண்டக்டர் அடையாளம் சொன்னார். அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு விலக்கில் காலை முதல் பஸ்ஸுக்குக் கை காட்டுகிற பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். விலக்கிலிருந்து கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மைல் நடை. ஊர் சின்னது. முதல் தெருவிலேயே படத்தைப் பார்த்த ஒரு பெரியவர், வாயைத் திறக்காமல் ஒரு வீட்டைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டு வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அக்கா படத்தை நீட்டினார்.

"தம்பி, இந்தப் பச்சச் சேலையில இருக்கது..."

"தெரியாது. எங்க வீட்ல யாரும் காணாமப் போகல."

அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே சொன்னான். உள்ளே இருட்டில் ஒரு பெண் குடத்தோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி."

"தெரியாதுன்னா தெரியாது. போங்க."

திரும்பி நடந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம். அந்தக் குடத்துப் பெண்தான். எங்களோடு பேசுவது தெரியாதபடி ரோட்டோரக் குழாயில் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தபடியே பேசினாள்.

"அவ பேரு முத்துமாரி. எனக்கு ஓரகத்தி. அவ கட்டியிருக்கது என் சேல. இருந்த நல்ல சேலைய நனைச்சுப் போட்டுட்டு எங்கிட்ட வாங்கிக் கட்டிட்டுப் போனா."

அக்கா படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எழுதினேன்.

"இங்கன நிக்காதீக" என்றாள் அவள். "முந்தாநாளு ரெண்டு பேரு கார்ல வந்தாக. ஒரு பொம்பள இந்தப் படத்தத் தூக்கிட்டு வருவா, யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருங்கன்னு வாசல்ல இருந்தாரே எங்க கொளுந்தன், அவருகிட்டச் சொன்னாக. கம்பெனியில வாட்ச்மேன் வேல தாராகளாம். சொல்லலைன்னா என்ன செய்வோம்னும் சொல்லிட்டுப் போனாக."

"எந்தப் படம்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"அவுக கையிலயே இருந்துச்சே. இதே படந்தான். இந்தப் புள்ளியெல்லாம் இல்லாம, சுத்தமா."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த ரோட்டில் நின்றோம். நான் எடுத்த இரண்டு பிரதிகளிலும் ஆஸ்பத்திரி வாசலில் அக்கா புள்ளி வைத்திருந்தார். அதிகாரியிடம் இருந்ததிலும் புள்ளி உண்டு. புள்ளி இல்லாத படம் வேறு ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி கேட்டாருக்கா. சீடியில போட்டுக் குடுத்தேன்" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். அந்தக் காட்டு ரோட்டில் என்னை அடித்திருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பஸ்ஸப் பிடிச்சுப் போங்க" என்றார். "நான் திரும்பிப் போறேன். அந்தப் பிள்ள அதிகாரி ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுமான்னு கேட்டுப் பாக்கேன்."

"தனியாவாக்கா? அவுக மறுபடி வந்தா?"

"வரட்டும்."

படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் கூட வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கரிசல் காட்டு வழியே அந்த ஊரை நோக்கி நடந்துபோனார். எனக்கு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. விபத்தில் இறந்தவர் பட்டியலில் முத்துமாரி என்ற பெண்ணின் பெயரும் சேர்க்கப்பட்டிருப்பதாகவும், அவருடைய ஓரகத்தி நேரில் வந்து அடையாளம் சொன்னதாகவும் போட்டிருந்தது. படத்தைப் பற்றியோ எடுத்தவரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அன்று காலை அண்ணாச்சி என் மேஜைப் பக்கம் வந்து, "டீ குடிச்சியா தாயி?" என்று கேட்டார். குடித்தேன் என்றேன். சீடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகும் வரை, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயேதான் வேலை பார்த்தேன்.

அக்கா அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்துக்கு வரவில்லை. வேறு ஏதோ ஒரு பக்கம் வேன் ஏறுகிறார் என்றும், இப்போதும் காலையில் படம் எடுக்கிறார் என்றும் கட்டிங் மெஷின் அண்ணன் ஒரு நாள் சொல்ல ஆரம்பித்தார். எந்தப் பக்கம், படங்களை யாரிடம் கொடுத்து ஏற்றுகிறார் என்று அவர் சொல்லப்போகும்போது, போதும் அண்ணே என்று நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தால், நல்ல குரலில் யாராவது வந்து கேட்கும்போது நான் சொல்லிவிடுவேன்.